ஊர் கேட்கும் பெட்டி

கிளிநொச்சி
27.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கு யூலியானா எழுதுவது.

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டுமென்று அந்தோனியாரிடம் கேட்டிருக்கிறேன். கேட்டதைச் செய்தாரா என்று நீங்கள்தான் எழுத வேண்டும். இங்கே அம்மாவுக்கு முழங்கால் நோ. மற்றப்படி ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

போனில் சொல்லாமல் ஏன் மெயில் என்று யோசிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வட்ஸ்அப்பில் எடுத்தால் போன் அம்மாவின் கையை விட்டு வராது. "மார்கிறட்டின்ர மகன் எடுத்திட்டான்" என்று பக்கத்து வீடும் வந்து குந்திவிடும். அப்பா மட்டும் முற்றத்தில் வலையோடு இருந்துவிடுவார். நீங்கள் நோர்வேக்குப் போய் ஆறாவது வருடம் நடக்கிறது. ஒருநாளாவது அவர் போனை வாங்கிக் கதைத்தாரா? கேட்டால், "கொம்பியூட்டர்காரனிட்ட நான் என்னத்தைக் கேக்கிறது? எனக்கு ஒண்டும் விளங்காது" என்கிறார். ஆகவே வேலைக் கதை கதைக்க எனக்கு மெயில்தான் வழி.

பேக்கரிக்கு மேலே நீங்களும் சிவகரன் அண்ணாவும் தொடங்கிய கொம்பியூட்டர் கடையில் இப்போது ஏழு பேர் இருக்கிறோம். மீனவர் சமாசத்தின் வேலை எங்களுக்குக் கிடைத்தது. பதினான்கு ஊர்ச் சங்கங்கள், அங்கத்தவர், வள்ளம், வலை, கடலோரக் களப்பில் இறால் பிடிக்கும் அனுமதிப் பாஸ், எல்லாம் ஒரே இணையச் செயலிக்குள். நாற்பத்தொரு பக்கம். கட்டியது உங்கள் தங்கச்சி. தை மாதம் தொடங்கி ஊர் ஊராக ரப்லெட் கொண்டுபோய் ஆட்களைப் பதிந்தும் ஆயிற்று. அடுத்த மாதம் சமாசக் கூட்டத்தில் பட்டியலைக் காட்டப் போகிறோம்.

நாற்பத்தொன்றையும் நான் முதலிலிருந்து எழுதவில்லை. நீங்கள் சுவரில் ஒட்டிச் சொல்லித் தந்தபடி உங்கள் துண்டுகளை எடுத்துப் பொருத்தினேன். பெயர் கேட்க ஒரு துண்டு, திகதி கேட்க ஒன்று, ஊர் கேட்க ஒன்று. ஒருமுறை செய்துவிட்டால் எந்தப் பக்கத்திலும் போய் உட்காரும். புதிதாக வந்த அனோஜா இவற்றைக் கொம்போனன்ற் என்கிறாள். நான் துண்டு என்றால் சிரிக்கிறாள். வெறும் கட்டத்தைக் கண்டால் விடாமல் கேட்டுக்கொண்டு நிற்கும் துண்டுக்கு மார்கிறட் என்று பெயர், அது எங்கள் அம்மா என்று சொன்னேன். சேமிக்கும் பொத்தான் கிறகோரி. எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும், ஒரு சொல் சொல்லாது, அது அப்பா என்றேன். அவளுக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

நீங்கள் கலண்டர்த் தாள்களை ஒட்டிய பசை அந்தச் சுவரில் இன்னும் இருக்கிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
யூலி


நோர்வே
04.05.2025

அன்புத் தங்கச்சி யூலிக்கு,

உன் மெயில் கண்டு வயிறு நிறைந்தது. அம்மாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவச் சொல். இங்கே இன்னும் பனி முழுதாகக் கரையவில்லை. நான் சுகம். சுமித்திராவும் சுகம். என் வேலை உடுப்பை மட்டும் வேறாகத்தான் தோய்ப்பேன் என்று அடம்பிடிக்கிறாள். எங்களுக்குள் சண்டை என்றால் அவ்வளவுதான்.

நாற்பத்தொரு பக்கம் என்று நீ எழுதியதை நாலுதரம் வாசித்தேன். அந்த அறை எனக்கு நேரே வந்து நின்றது. பின்னேரம் நாலு மணிக்குக் கீழே பாண் சுடும் போறணை மூட்டினால் எங்கள் தரை சுடும். சிவகரன் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கோட் எழுதுவான். கரண்ட் போனால் லப்ரொப்பை மூடிவிட்டுக் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் துண்டுகளைக் கீறி வெட்டுவோம். நீ அப்போது ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாய். பசை தடவுவது உன் வேலை. பாணைச் சுடச்சுட வாங்கி வந்து, அதே பசைக் கையால் பிய்த்துத் தின்றாய். ஒரு பெரிய பக்கத்தைப் பார்த்துப் பயப்படாதே, அதற்குள் என்னென்ன சின்னது இருக்கிறதென்று பார் என்று உனக்குச் சொன்னேன். அப்படிச் சொன்ன ஆள் நான்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

என் கொம்பனியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெரிய இடம். எல்லாம் பெல்ற்றில் வரும், போகும்.

ஒன்று கேட்க வேண்டும். ஊர் கேட்கும் பெட்டியையும் அப்படியே எடுத்தாயா?

அப்பாவைக் கேட்டதாகச் சொல். என்ன கேட்டேன் என்று அவர் கேட்டால் சும்மா கேட்டேன் என்று சொல்.

அன்புடன் அண்ணா,
அனிஸ்ரன்


கிளிநொச்சி
25.05.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமென்று நம்பி எழுதுகிறேன். நான் நலமில்லை. காய்ச்சல் தடிமன் இல்லை, வேறு.

வியாழக்கிழமை சமாசக் கூட்டம். மண்டபம் நிறைய ஆட்கள். நான் பட்டியலைத் திரையில் போட்டேன். ஊர்வாரியாக அங்கத்தவர் தொகை. மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்று முப்பது. அதில் அந்தோனிமுனை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. களப்புக்கரைச் சங்கத் தலைவர் ராஜரத்தினம் ஐயா எழும்பினார். மலையகத்திலிருந்து சின்ன வயதில் வந்து வன்னியிலேயே நரைத்தவர். "தங்கச்சி, அந்தோனிமுனையில எத்தன அடுப்பு எரியுதுனு எனக்குத் தெரியும். நூத்தம்பதுக்கு மேல இல்ல. ஒங்க ஊரு தானே அது?" என்றார். ஓம் என்றேன். இறால் பாஸ் ஊர்த் தொகையைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். இந்தப் பட்டியல் நின்றால் பாதிக்கு மேல் எங்கள் ஊருக்கு. களப்புக்கரையில் இருபது வருடமாக இறால் பிடிப்பவனுக்கு ஒன்றுமில்லை.

கடைக்கு ஓடிவந்து ஊர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு வரி. யாரும் தொடமுன்பே அந்தக் கட்டத்தில் அந்தோனிமுனை என்று தானாக எழுதிக்கொள்ளும் வரி. இந்தத் துண்டை நீங்கள் 2017 இல் எங்கள் கோயில் பங்கின் குடும்பப் பதிவுக்காகச் செய்தீர்கள். அங்கே எல்லோரும் அந்தோனிமுனைதான், சரியாகத்தான் இருந்தது. இப்போது அதே பெட்டி நாற்பத்தொரு பக்கத்திலும் இருக்கிறது, அந்த வரியும் கூடவே போய்விட்டது. கட்டம் வெறுமையாக இருந்திருந்தால் மார்கிறட் மறித்திருக்கும். நிரம்பிய கட்டத்தை அது என்ன கேட்கும்? பதியப் போன பிள்ளைகளும் வெயிலுக்குள் அவசரப்பட்டு, இருந்ததை இருந்தபடி விட்டிருக்கிறார்கள்.

என் பிழை இல்லாமலில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் சோதிக்கும்போது என் பெயரையும் என் ஊரையும்தான் கொடுத்தேன். பெட்டியில் அந்தோனிமுனை என்று இருந்தது. சரியென்று விட்டேன். எனக்கு அது பிழையாகத் தெரிய வழியே இல்லை.

நான் எங்கள் ஊருக்காகக் கள்ளம் செய்தேன் என்கிறார்கள் அண்ணா. சிவகரன் அண்ணா சொல்வதைக் கேட்கமாட்டார்களாம், கடைக்காரர் கடைக்குத்தான் கதைப்பாராம். துண்டைச் செய்தவர் எழுதித் தர வேண்டும், தான் வேலை செய்யும் இடத்தின் லெற்றர்ஹெட்டில், சீல் வைத்து. உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. கெதியாக அனுப்புங்கள். அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

கலங்கிப்போயிருக்கும்,
யூலி


நோர்வே
16.06.2025

அன்பின் யூலிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். பதில் எழுதச் சுணங்கிவிட்டது, குறை நினைக்காதே. போனில் தட்டுகிறேன். இப்போதெல்லாம் விரல் தடித்துவிட்டது, ஒரு எழுத்தைத் தொட்டால் இரண்டு விழுகிறது.

அந்த வரியை எடுத்துவிடு. கட்டம் வெறுமையாகவே திறக்கட்டும், மிச்சத்தை மார்கிறட் பார்த்துக்கொள்ளும். ஒரு இடத்தில் எடுத்தால் நாற்பத்தொன்றிலும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை அந்தோனியார் திருநாள். வேலையில் நின்றபடியே மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கொடி இறக்குவார்கள், இப்போது அந்தோனியாரின் சுருவம் கடற்கரைக்குப் போகும், இப்போது அம்மா வேகப்பந்து மாதிரி நெரிசலுக்குள் புகுந்து முன்னுக்குப் போயிருப்பா என்று கணக்குப் பார்த்தேன். நாங்கள் சின்னனில் சுருவத்துக்குப் பின்னால் நடக்கும்போது உன் செருப்பு மணலில் புதைந்து நீ அழுததும், அப்பா ஒன்றும் சொல்லாமல் உன்னைத் தோளில் ஏற்றியதும் நினைவுக்கு வந்தன. இங்கே ஒருவரிடமும் இதைச் சொல்ல முடியாது. சொன்னாலும் அவர்களுக்கு என்ன.

கடிதத்துக்குக் கொம்பனியில் கேட்டுப் பார்க்கிறேன். இது லீவுக் காலம், பொறுப்பானவர்கள் இல்லை.

அன்புடன்,
அண்ணா


கிளிநொச்சி
06.07.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? உங்கள் விரலுக்கு என்ன? அம்மாவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் நேர்த்தி வைக்கத் தொடங்கிவிடுவா.

வரியை எடுத்துவிட்டேன். அது எளிது. பிழையாகப் பதிந்த ஆயிரத்துச் சொச்சம் பேரை என்ன செய்வது? யார் உண்மையில் எங்கள் ஊர், யார் இல்லை என்று கணினிக்குத் தெரியாது. ஆகவே சனி ஞாயிறுகளில் அனோஜாவும் நானும் சிவகரன் அண்ணாவின் மோட்டார்சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் திரும்பக் கேட்கிறோம். என் கறுப்பைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது.

களப்புக்கரையில் மீனம்மா என்று ஒருவர், இறால் காயவைப்பவர். எங்கள் பட்டியலில் அவரும் அந்தோனிமுனை. பதிய வந்த பிள்ளையிடம் என்ன ஊர் சொன்னீர்கள் என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "எந்த ஊருனு சொல்றது பிள்ள? பொறந்தது தோட்டத்துல. வளந்தது வவுனியாவுல. கட்டிக் குடுத்தது பூவரசங்குளம். அப்பறம் ஓடுன எடமெல்லாம் எண்ணிக்கிட்டா இருக்க முடியும்? இப்ப இங்க. எதப் போடுறதுனு எனக்கே தெரியல. நீங்களே ஒண்ணு போட்டுக்கங்கனு சொன்னேன்" என்றார்.

அண்ணா, பிழை அந்த ஒரு வரியில் மட்டுமில்லை. பெட்டியே போதவில்லை. பிறந்த ஊரில் பிறந்து அங்கேயே இருப்பவர்களுக்காக நீங்கள் செய்தது. இங்கே அப்படி எத்தனை பேர்? சொந்த ஊர் என்று ஒன்று, இப்போது இருக்கும் ஊர் என்று ஒன்று, இரண்டாகப் பிரிக்கப் போகிறேன்.

எங்கள் ஊரிலும் எனக்கு நல்ல பெயரில்லை. கோயில் வாசலில் வைத்தே, "தானா வந்ததை இவள் கெடுக்கிறாள்" என்றார்கள். அங்கே கள்ளி, இங்கே காட்டிக்கொடுத்தவள்.

இன்னொன்று. ஒவ்வொரு துண்டிலும் யார், எப்போது, ஏன் கை வைத்தார் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். நீங்கள் போகமுன் எல்லாத் துண்டுகளையும் பொதுவாகப் பாவிக்க ஓரிடத்தில் சேர்த்தீர்கள். ஊர்ப் பெட்டியில் அன்று நீங்கள் எழுதிய குறிப்பைக் கண்டேன். 2019 கார்த்திகை. "பார்த்தேன். சரி. அனிஸ்ரன்."

பார்த்திருக்கிறீர்கள். பிறகு ஏன் எடுக்கவில்லை? கடிதமும் வரவில்லை.

யூலி


கிளிநொச்சி
03.08.2025

அண்ணாவுக்கு,

அம்மா சுகம், அப்பா சுகம். உங்கள் சுகம் ஞாயிறுதோறும் போனில் கேட்கிறது. அம்மாவோடு சிரித்துச் சிரித்துக் கதைக்கிறீர்கள். பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் மெயிலுக்கு நாலு கிழமையாக ஒரு வரி இல்லை.

செப்ரெம்பர் 14 அன்று கடைசிக் கூட்டம். அன்றைக்குள் கடிதம் வராவிட்டால் வேலையைக் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் ஊருக்காகப் பட்டியலை மாற்றினேன் என்று முறைப்பாடும் எழுதுவார்கள். அதற்குப் பிறகு கிளிநொச்சியில் எனக்கு யார் வேலை தருவார்கள்? சிவகரன் அண்ணா வாயால் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் புது வேலை ஒன்றை அனோஜாவிடம் கொடுத்துவிட்டார்.

பழியை ஏற்க உங்களுக்கு வெட்கமா? நோர்வேயில் இருப்பவருக்கு அந்தோனிமுனைப் பழி எட்டாது என்றுதான் நினைத்தேன். எனக்கு உங்களோடு கோபம். எழுதிவிட்டேன், இனி அழிக்கமாட்டேன்.

யூலியானா


நோர்வே
24.08.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீ சுகமாக இல்லை என்று தெரியும், கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. இந்த மெயிலை மூன்றுதரம் எழுதி அழித்தேன்.

அது மறதி இல்லை யூலி. பயணத்துக்கு நாலு நாள் இருந்தது. ஒவ்வொரு துண்டாகத் திறந்து, அந்தோனிமுனைக்கென்று இருந்ததையெல்லாம் கழற்றினேன். கோயிலின் பெயர், சுவாமியாரின் பெயர், வாசகசாலையின் பெயர். கடைசியில் ஊர்ப் பெட்டி. அந்த வரியை அழித்தேன். கட்டம் வெறுமையாகத் திறந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வரியைத் திரும்பப் போட்டேன்.

நான் போன பிறகு யாரோ எங்கேயோ ஒரு பக்கத்தைத் திறப்பார்கள், எங்கள் ஊர் அங்கே இருக்கும் என்று நினைத்தேன். அவர்கள் அதை அழித்துவிட்டுத் தங்கள் ஊரை எழுதட்டும், அழிக்கிற அந்த ஒரு கணமாவது பார்ப்பார்களே. இவ்வளவுதான் நினைத்தது. விசர் ஆசை. "பார்த்தேன், சரி" என்று எழுதியது பொய். அதன் பலனை நீ வெயிலில் சுமந்து திரிகிறாய். என்னை மன்னித்துக்கொள்.

பழியை ஏற்க எனக்கு வெட்கமில்லை, நாளைக்கே எழுதுவேன். ஆனால் லெற்றர்ஹெட் கிடைக்காது. அதைத் தரக்கூடிய மாதிரி இடத்தில் நான் இல்லை. இதற்கு மேல் கேட்காதே.

அண்ணா


கிளிநொச்சி
27.08.2025

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்கள் எழுதியதே பாதி நலம்.

ராஜரத்தினம் ஐயாவிடம் கேட்டேன். வெள்ளைத்தாள் போதுமாம். ஆனால் இப்போது என்ன தொழில், எங்கே இருக்கிறீர்கள் என்று இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டுமாம். "யாருனு தெரியாத ஆளோட பேச்ச எப்படி எடுத்துக்கறது" என்றார். சமாசமும் மார்கிறட் மாதிரித்தான், வெறுமையாக விட்டால் விடாது.

அண்ணி உங்கள் உடுப்பை வேறாகத் தோய்க்கிறா என்று சித்திரையில்… இல்லை, மேயில் எழுதியிருந்தீர்கள். நேற்று வீட்டில் அப்பா கடலுக்குக் கட்டும் சாரத்தை அம்மா வேறு வாளியில் போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளைத்தாளில் எழுதுங்கள். உங்களுக்கு எழுத மனமில்லை என்றால் எழுத வேண்டாம், நான் சமாளிப்பேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

உங்கள் யூலி


08.09.2025

தலைவர், அங்கத்தவர்கள்,
மீனவர் சங்கங்களின் சமாசம்.

மதிப்புக்குரிய ஐயா,

கிறகோரி மகன் அனிஸ்ரன் ஆகிய நான் எழுதிக்கொள்வது. தங்களது செயலியில் ஊரைக் கேட்கும் பகுதியை 2017ஆம் ஆண்டு அந்தோனிமுனைக் கோயிற் பங்குக்காக உருவாக்கியவன் நான். அதில் அந்தோனிமுனை என்ற பெயர் தானாக வரும்படி எழுதியதும் நான். 2019ஆம் ஆண்டு அதைப் பொதுப் பாவனைக்கு வைத்தபோது அந்தப் பெயரை நீக்கியிருக்க வேண்டும். தெரிந்தும் நீக்கவில்லை. லாபம் கருதி அல்ல, ஊரின் மேல் இருந்த பற்றினால். செல்வி யூலியானாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் என்னை நம்பி அதை எடுத்தார். தவறு முழுவதும் என்னுடையது. களப்புக்கரை மக்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

என் சொந்த ஊர்: அந்தோனிமுனை.
இப்போது வசிக்கும் இடம்: நோர்வேயின் வடகரையில் ஒரு சிறு பட்டினம், முழு முகவரி பின்பக்கத்தில்.
இப்போதைய தொழில்: மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் மீன் வெட்டும் தொழிலாளி. ஐந்து வருடமாக.

இப்படிக்கு,
கி. அனிஸ்ரன்


அந்தோனிமுனை
15.09.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா என்று இந்தமுறை உண்மையாகவே கேட்கிறேன். உண்மையாகவே எழுதுங்கள்.

நேற்றுக் கூட்டம் முடிந்தது. உங்கள் கடிதத்தை ராஜரத்தினம் ஐயாவே உரத்து வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அதையும் வாசித்தார். தாளை மடித்து, "மறைக்கற ஆளு இப்படி எழுதமாட்டான்" என்று மட்டும் சொன்னார். திருத்திய பட்டியலைப் போட்டேன். அந்தோனிமுனை நூற்று அறுபத்து மூன்று. வேலை எங்களிடமே இருக்கிறது. சிவகரன் அண்ணா எல்லோருக்கும் பணிஸ் வாங்கித் தந்தார்.

ஆனால் அண்ணா, இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கும் முன்கூட்டித் தெரியாது. அப்பா வந்திருந்தார். எங்கள் சங்கத்து ஆட்களோடு பின்வரிசையில் இருந்திருக்கிறார். கடிதம் வாசித்து முடிந்த பிறகுதான் கண்டேன்.

இரண்டு பேரும் ஒன்றாக பஸ் ஏறினோம். மாங்குளம் வரைக்கும் ஒரு சொல் இல்லை. முள்ளியவளையும் வந்துவிட்டது. திட்டப் போகிறார், அல்லது அழப் போகிறார் என்று யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டார்.

"என்ன மீன் எண்டு எழுதேல்லையே."

எனக்கு விளங்கவில்லை. "தம்பி வெட்டுறது என்ன மீன்?" என்று திரும்பக் கேட்டார். தெரியாது என்றேன். அதற்குப் பிறகு நிற்கவில்லை. வலையில பிடிக்கிறதோ தூண்டிலோ? செதில் உள்ளதோ? முள்ளு எந்தப் பக்கத்தால எடுக்கிறது? கத்தி அவங்கட கத்தியோ, சொந்தக் கத்தியோ? ஊர் வரும்வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். நான் என் ஆயுளில் அப்பா இவ்வளவு கதைத்துக் கேட்டதில்லை. சிவகரன் அண்ணாவிடம் போனில் சொன்னேன், "கிறகோரி வாய் திறந்திட்டார்" என்று அவர் சந்தோசத்தில் கத்திவிட்டார்.

அம்மாவுக்கும் தெரியும். "மீன் வெட்டத்தான் எண்டா இஞ்ச இருந்து வெட்டியிருக்கலாமே" என்று ஒரு பாட்டம் அழுதா. முகத்தைக் கழுவிவிட்டு வந்து, கைக்கு உறை கொடுக்கிறார்களா என்று கேட்கச் சொன்னா.

ஞாயிறு எடுங்கள். போனைத் தன்னிடம் தர வேண்டுமென்று அப்பா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

புது ஊர்ப் பெட்டி முடிந்தது. அடியில் இணைப்பு வைத்திருக்கிறேன். முதலில் சோதிக்க வேண்டியவர் நீங்கள்தான், நான் சோதித்தால் என்ன நடக்கும் என்று பார்த்தோமே.

உங்கள் அன்பான,
யூலி


நோர்வே
28.09.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உண்மையாகவே எழுதுகிறேன். கைவிரல்கள் விடியற்காலையில் மடங்காது, பத்து மணிக்குச் சரியாகிவிடும். கைக்கு உறை கொடுக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல். இரண்டு சோடி. வந்த முதல் வருடம் முப்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டில் கொம்பியூட்டர் என்று சொல்லிவிட்டேன், பிறகு திருத்த நாள் வரவில்லை. எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம், வேறில்லை.

போன ஞாயிறு அப்பாவோடு முப்பத்தேழு நிமிடம் கதைத்தேன். சுகமா என்று ஒருதரமும் கேட்கவில்லை. கொட் மீன் என்றேன், அவருக்கு விளங்கவில்லை. கலவாய் மாதிரி, வயிறு பெருத்தது என்றேன். தலையை வெட்டும் விதத்தைச் சொன்னேன். அது பிழை, செவுளுக்குக் கீழே கொடுத்து இழுத்தால் தசை வீணாகாது என்றார். அடுத்தநாள் வேலையில் அப்படிச் செய்து பார்த்தேன். பக்கத்தில் நிற்பவன் எட்டிப் பார்த்தான். இன்றைக்கும் எடுத்தேன். போனில் இரண்டாம் மணி அடிக்க முதலே அப்பாவின் குரல் வந்தது.

உன் பெட்டியைச் சுமித்திராவின் லப்ரொப்பில் திறந்தேன். நல்ல வேலை யூலி. என் துண்டைவிட நல்லது. இடப்பெயர்வுகளைச் சேர்க்க இடம் விட்டதை மீனம்மா பார்த்தால் சிரிப்பார்.

சொந்த ஊர் என்ற கட்டம் வெறுமையாகத் திறந்தது. கொஞ்சநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம், தானாக வரும் என்று. வரவில்லை. அந்தோனிமுனை என்று நானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன், தடித்த விரலால் இரண்டுதரம் பிழைத்தது. இப்போது இருக்கும் ஊர் என்ற கட்டத்தில் இந்தப் பட்டினத்தை எழுதினேன். தொழில் கேட்டது. மீன்வேலை என்று போட்டேன். கிறகோரியை அழுத்தினேன், வாங்கி வைத்துக்கொண்டது.

அதனால் உன் பட்டியலில் அந்தோனிமுனை இப்போது நூற்று அறுபத்து நான்கு. அது சோதனைக்காகப் போட்டது. பாஸ் கொடுக்கும் முன் அழித்துவிடு. அழிக்க மனம் வராவிட்டாலும் அழி, "பார்த்தேன், சரி" என்று மட்டும் எழுதிவிடாதே.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லத் தேவையில்லை, நானே கேட்டுக்கொள்வேன்.

அன்புடன் அண்ணா,
அனிஸ்ரன்